மதில் மேல் ஒரு குடித்தனம்

பாலிசி அக்காவுக்கு முட்டுச்சந்து என்று ஒன்று கிடையாது. நமக்குச் சந்து முடிந்துபோகும் இடத்தில் அவருக்கு ஒரு கதவு தெரியும். கதவு இருந்தால் தட்டலாம். தட்டினால் யாராவது திறப்பார்கள். திறந்தால் அந்த வீட்டின் வழியாகவே அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இவ்வளவுதான் அவருடைய கணக்கு.

ராயபுரத்தில் அப்போது எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கூடவே ஒரு எஸ்.டி.டி. பூத். அக்கா என் கடைக்கு ஒருநாளும் முன்பக்கமாக வந்ததில்லை. பின்தெருவில் இருந்த தையல்கடைக்குள் நுழைந்து, அங்கே தைத்துக்கொண்டிருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசி, நடுவில் இருந்த தட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

"ஏன்க்கா, தெருமுனையச் சுத்திக்கினு வந்தா இன்னா?"

"சுத்தி வர்றதுக்கு நான் இன்னா தேரா, நைனா?"

நாற்பதைத் தாண்டிய வயது. குள்ளமான, கெட்டியான உடம்பு. தோளில் ஒரு ரெக்ஸின் பை. கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய கறுப்புக் குடை. ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். அவர் தெருவுக்குள் வருகிறார் என்றால் பாதி வீடுகளில் ஆட்கள் உள்ளறைக்குப் போய்விடுவார்கள். வாசலில் நிற்கும் குழந்தை, "அம்மா வூட்ல இல்ல" என்று ஒப்பிக்கும். "சரி கண்ணு, அத அம்மாவையே வந்து சொல்லச் சொல்லு" என்று அங்கேயே உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரத்தில் அம்மா சிரித்துக்கொண்டே வந்துவிடுவாள். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அவர் கொண்டுவந்த எத்தனையோ தாள்களில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவருடைய இந்தக் குணம் எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மஞ்சள்காமாலையில் போய்விட்டார். மூன்றாம் நாளே அக்கா அங்கே போய் நின்றுவிட்டார். நகல் எடுத்த தாள்களைக் கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன். உறவுக்காரப் பெண்கள் பாய்ந்தார்கள். "பொணம் போன ஈரம் காயல, அதுக்குள்ள கையெழுத்தா? மனுசிதானா நீ?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அழுவறதுக்கு நீங்க இத்தினி பேர் கீறீங்க. இவ கையெழுத்த வாங்கிக்கினு போய் ஆபீஸ்ல நிக்கறதுக்கு நான் ஒருத்திதான் கீறேன். இன்னிக்கி போட்டா இந்தப் பொண்ணுங்க ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்துடும். நாளைக்குன்னா எப்போன்னு தெரியாது." செல்வி எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாள். எனக்கு அன்றைக்கு அக்காவைப் பிடிக்கவில்லை. ஆனால் பள்ளி திறப்பதற்குள் பாலிசிப் பணம் வந்துவிட்டது.

அந்த வீட்டில்தான் அக்கா மதிலைப் பார்த்தார்.

செல்வி ஏதோ ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா சமையலறையில் நின்றிருந்தார். அங்கே ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்குள்தான் செல்வி ஸ்டவ் வைத்திருந்தாள். அதற்குப் பின்னால் சொம்பு, அதற்கும் பின்னால் அரிசி டப்பா. அக்கா கையை உள்ளே விட்டார். தோள் வரைக்கும் போயும் விரல் வெளிக்காற்றைத் தொடவில்லை. குடையை விட்டுப் பார்த்தார். அதன் முனைதான் அந்தப் பக்கம் எட்டியது.

"இன்னாம்மா இது, செவுரா மலையா?"

"அது எப்பவும் அப்பிடிதான்க்கா கீது" என்றாள் செல்வி.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, கயிற்றுக்கடை மஜீத் பாய் வீட்டுக்கு வேறு வேலையாகப் போனவர், அங்கே பின்கட்டிலும் அதே தடிமனில் ஒரு சுவரைக் கண்டார். மூன்று படி ஏறிப்போனால் அந்தச் சுவரின் மேலேயே ஓர் அறை. மாடியில் ஏறி நின்று செல்வி வீட்டு ஓட்டுக்கூரையையும் பாய் வீட்டு அறையையும் கண்ணால் கோடு போட்டுப் பார்த்தார். கோடு நேராகக் கிழக்கே ஓடியது. அந்தக் கோட்டில் அடுத்தது ஒரு மரவாடி. அதற்கப்புறம் லாரிகள் நிற்கிற திடல். அதற்கும் அப்புறம் துறைமுகம்.

பழைய பட்டணத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் கட்டிய மதில் அது. அதில் ஒரு துண்டு வெளியே தெரிகிற மாதிரி இன்னமும் நிற்கிறது, மேலே பூங்கா வைத்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். மீதியெல்லாம் இடிந்துபோனது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பாதி இடியவே இல்லை. அது தரைக்கு அடியிலும் ஜனங்களின் சமையலறைகளிலுமாக இருந்தது.

அக்கா சும்மா இருப்பாரா? என் கடையிலேயே ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னார். "ஞாயிறு காலை மதில் பார்க்க வாருங்கள். செருப்பு போட்டு வரவும். வீடுகளுக்குள் நுழையும்போது கழற்றவும்." கல்லூரிகளில், நூலகத்தில், ரயில் நிலையத்தில் ஒட்டினார். முதல் ஞாயிறு நாலு பேர் வந்தோம். அதில் அவர் வீட்டுக்காரரும் ஒருவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாத மனிதர். வரிசையில் எப்போதும் கடைசியில் நடப்பார். யாராவது செருப்பை விட்டுவிட்டு வந்தால் எடுத்துக்கொண்டு வருவார். சில மாதங்களில் கூட்டம் இருபது, முப்பது என்று ஏறியது.

நடை என்றால் மதில் போகிற வழியிலேயே நடப்பது. தெருவழியாகச் சுற்றிப் போவது கிடையாது. பூங்கா வாசலில் ஆரம்பித்து, ஒரு அச்சகத்தின் குளியலறைச் சுவரை எட்டிப் பார்த்து, செல்வியின் சமையலறைக்குள் புகுந்து, பின்கதவு வழியாக வெளியே வந்து, பாய் வீட்டுப் படியேறி, அந்த மேல் அறையில் நின்று மூச்சு வாங்குவோம். பாயின் மனைவி இஞ்சி போட்ட டீ கொடுப்பார். செல்வி முதலில் கூச்சப்பட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் பாத்திரங்களை ஒதுக்கிவைத்து, ஜன்னலைத் துடைத்து வைப்பாள். அவளுடைய இரண்டு பெண்களும், "உள்ள கை வுட்டுப் பாருங்க, பூச்சி ஒண்ணும் இல்ல" என்று வந்தவர்களுக்குத் தைரியம் சொல்வார்கள்.

அக்கா சொல்கிற சரித்திரம் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. "ஐதர் அலி வந்தப்போ கட்டினது" என்று ஒரே போடாகப் போடுவார். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் தவறாமல் வருவார். "இல்லம்மா, அதுக்கு முன்னாடி பிரெஞ்சுக்காரன் வந்து முற்றுகை போட்டான், அந்தப் பயத்துல ஆரம்பிச்சது" என்று திருத்துவார். அக்காவுக்கு அதில் வருத்தமே இருக்காது. "அப்போ அத நீங்களே சொல்லுங்க சார். கதவ நான் தொறக்கறேன்" என்பார். அப்படியே நடந்தது. மாதக்கணக்கில் அவரைக் கேட்டுக் கேட்டே அக்காவும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

மரவாடிக்காரர் மட்டும் விடவில்லை. "கடை நடத்தறேனா, கண்காட்சி நடத்தறேனா? போம்மா" என்றார். வாடியைச் சுற்றிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் மதிலின் ஒரு மூலை தரைக்கு மேலே தெரிகிறது என்று பேராசிரியர் சொன்னார். ஐந்து நிமிட நடை. அக்கா மறுத்துவிட்டார். கூட்டத்தை வாடியின் இரும்புக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, "மதில் உள்ள போவுது. நாம போவல. இன்னிக்கி இதோட சரி" என்று கலைத்துவிடுவார். கிட்டத்தட்ட ஒரு வருஷம், வாராவாரம், அந்தக் கதவுக்கு முன்னால் முப்பது பேர் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினோம். எனக்குக் கோபமாகக்கூட வந்தது. கடைசியில் ஒரு ஞாயிறு மரவாடிக்காரரே கதவைத் திறந்துகொண்டு லுங்கியோடு வெளியே வந்தார்.

"யம்மா, அது எங்கதான் போவுது? அதையாச்சும் சொல்லித் தொலை. வாரம் பூரா அதே ரோசனையா கீது."

"உள்ள வந்தாதான சொல்ல முடியும்?" என்றார் அக்கா.

தேக்குக் கட்டைகளுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேல், சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர் வளைவு வளைவாக நின்றது. அவ்வளவு முழுசாக வேறெங்கும் நாங்கள் பார்த்ததில்லை. பேராசிரியர் அதைத் தடவிக்கொண்டே நின்றார். மரவாடிக்காரர் அன்றைக்கு எல்லாருக்கும் கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். கழிவுநீர்க் குழாய் போடுவதற்காகத் தெருவைத் தோண்டினார்கள். பள்ளத்தில் மதில் தெரிந்தது. ஒரு பத்திரிகையில் படம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் டேப்பும் சிவப்புப் பெயின்டுமாக ஆட்கள் வந்தார்கள். யார் என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அச்சகத்தில், செல்வி வீட்டு வாசலில், பாய் வீட்டுப் படியில், மரவாடிக் கதவில் ஒரு கோடும் ஓர் எண்ணும் போட்டுவிட்டுப் போனார்கள். மதிலைப் பாதுகாக்கப் போகிறார்கள், அதன்மேல் கட்டியதையெல்லாம் எடுத்துவிடப் போகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது.

மரவாடிக்காரர் காத்திருக்கவில்லை. வாடியைச் சுற்றித் தகரம் அடித்தார். உள்ளே ஒரு வாரம் சம்மட்டிச் சத்தம் கேட்டது. லாரிகள் வெளியே வரும்போது டயரெல்லாம் செங்கல் புழுதி. அக்கா போய்ப் பார்த்தபோது வளைவுகள் இருந்த இடத்தில் வெறும் மண் மேடு.

"நீதான தொறக்க வெச்ச? தொறந்ததாலதான கோடு போட்டாங்க? என் பொழப்ப நான் பாத்துக்கினேன். தப்பா?" என்று கேட்டார் அவர். கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. அக்கா ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ணே" என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேராகச் செல்வி வீட்டுக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். செல்வி வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நீ ஆளுங்கள இட்டுக்கினு வந்தப்போ நான் இன்னாக்கா சொன்னேன்? வான்னேன். ஜன்னல தொடச்சு வெச்சேன். இப்போ பாரு, சேப்புக் கோடு. என் பொண்ணுங்க 'எப்போம்மா இடிப்பாங்க'ன்னு கேக்குதுங்க. நான் இன்னா சொல்றது?"

"நான் ஆபீஸுக்குப் போயி கேக்கறேன் செல்வி. ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ. ஏன் பாத்துக்க மாட்ட? உன் வூடு செவுத்து மேல இல்லியே."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்கா அந்தக் கதவைத் தட்டவில்லை. திரும்பி நடந்தார். தெருமுனை வரைக்கும், முன்பக்க வழியாக, மெதுவாக. என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அவ சொன்னது சரிதான?" என்று கேட்டார். நான் ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "இல்ல தம்பி. சரியா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றார். சரிதான் என்றேன்.

அவருக்குத் தண்டையார்பேட்டையில் மாடி வீடு. உள்ளேயே குழாய், மோட்டார், துணி காயப்போட மொட்டைமாடி. வீட்டுக்காரர் பல வருஷம் தேடி அமர்த்திய வீடு. மறுநாளே அக்கா மஜீத் பாயிடம் போய், மதில் மேல் இருக்கிற அந்த அறையை வாடகைக்குக் கேட்டார். பாய் பதறிவிட்டார்.

"இன்னா தங்கச்சி இது? கயிறு போட்டு வெச்சிருக்கேன் அதுல. மழ வந்தா ஒழுவும். நீ இருக்கற இடமா அது?"

"உங்க வூட்டாளுங்க இருக்கற மதில்தான பாய் அது? எனக்கு மட்டும் இன்னா?"

வீட்டுக்காரரிடம் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் சொன்னதே என் கடையில்தான். ஷிப்ட் முடிந்து சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்ற மனிதரிடம், "நாம பாய் வூட்டு மேல் ரூமுக்குப் போறோம்" என்றார். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"ரேடியோவுக்கு பிளக்கு கீதா அங்க?"

"ஒண்ணு கீது."

"அப்போ பரவால்ல" என்றார்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு மீன்பாடி வண்டியில் சாமான்கள் வந்தன. கட்டில் வந்தது, மிக்சி வந்தது, சாமி படங்கள் வந்தன. எல்லாம் பாய் வீட்டு வழியாக மேலே ஏறிவிட்டன. பீரோ மட்டும் ஏறவில்லை. பாய் வீட்டு நடை ரொம்பக் குறுகல். சந்துக்குள் திரும்பவும் இடம் போதாது. ஒரே வழி, செல்வியின் வாசலில் நுழைத்துச் சமையலறை வழியாகப் பின்பக்கமாகப் பாய் வீட்டுப் படிக்கு எடுப்பது. வண்டிக்காரர் செல்வியின் கதவைத் தட்டக் கை ஓங்கினார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். இங்கயே வையி."

பச்சை இரும்பு பீரோ, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, சந்தில் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒருக்களித்துக்கொண்டு போனார்கள். செல்வி தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்வந்தாள். அக்காவும் அவளும் எதிரெதிரே வருவார்கள். பேச்சில்லை. அக்கா புடவை எடுக்க வேண்டுமானால் சந்துக்கு வந்து, தார்ப்பாயைத் தூக்கி, பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு போவார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஒருவாட்டி கேட்டுப் பாருக்கா, உனக்கு இல்லாத வாயா" என்றேன். "எத்தினியோ கதவ தட்டிட்டேன். இத அவளாத்தான் தொறக்கணும்" என்றார்.

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு மத்தியானம் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று தார்ப்பாயைத் தூக்கி அடித்தது. செல்வி கதவைத் திறந்து வெளியே வந்தாள். மேலே பார்த்துக் கத்தினாள்.

"மழ வருது! பீரோ துரு புடிச்சிடும். வந்து எடுத்துக்கினு போங்க!"

மரவாடியிலிருந்து இரண்டு ஆட்கள், நான், அக்காவின் வீட்டுக்காரர், எல்லாருமாகத் தூக்கினோம். சமையலறையில் ஸ்டவ்வை நகர்த்தி வழிவிட்டாள் செல்வி. பீரோ அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவிடம் அப்போதும் பேசவில்லை.

இதற்கு நடுவில் அக்கா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இங்கே இல்லை அங்கே என்றார்கள், அங்கே போனால் இங்கே என்றார்கள். கடைசியில் ஓர் அதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். தினமும் காலையில் அவர் வரும்போது எழுந்து வணக்கம் சொல்வார், சாயங்காலம் போகும்போது எழுந்து வணக்கம் சொல்வார். அந்த அதிகாரிக்கே தாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டுப் பேசினார். இடிப்பதாக ஒன்றும் முடிவாகவில்லை, மதில் எதுவரை இருக்கிறது என்று நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றார். "அப்போ என்கூட வந்து பாருங்க" என்று நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டார் அக்கா.

அதற்கு முந்தின சாயங்காலம் பாய் வீட்டு முற்றத்தில் எல்லாரும் கூடினோம். அச்சகத்துக்காரர், பாய், பேராசிரியர், மதிலை ஒட்டிக் குடியிருந்த ஏழெட்டுக் குடும்பங்கள். செல்வி ஓரமாக நின்றாள். பேச்சு ஒரே திசையில்தான் போனது. பூங்காவோடு மதில் முடிந்துவிட்டது, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்று அக்கா சொல்லிவிட வேண்டும். மரவாடியில் இடித்தாயிற்று. பள்ளத்தை மூடியாயிற்று. வீட்டுக்குள் அவர்களை விடாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் பாலிசி போடறவ. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். சுகர் இருந்தா இருக்குதுன்னு எழுதிடணும். மறைச்சா அப்போதிக்கி சொகமா இருக்கும். ஆளு போனப்புறம் கம்பெனிக்காரன் தோண்டி எடுப்பான். அன்னிக்கி ஒண்ணும் கைக்கு வராது. இதுவும் அப்பிடிதான். இன்னிக்கி இல்லேன்னு சொல்லிட்டா, என்னிக்கோ ஒருநாள் வேற ஒருத்தன் கண்டுபிடிப்பான். அன்னிக்கி நாம திருட்டுத்தனமா குந்திகினு இருந்தவங்க. நாமளே கூப்ட்டு காட்டினா, நாமதான் இத வெச்சு காப்பாத்தினவங்க. யோசிச்சுப் பாருங்க. காலியா கெடந்த பக்கமெல்லாம் செங்கல்ல பேத்துக்கினு பூட்டானுங்க. ஜனங்க குடியிருந்த பக்கம்தான் நிக்குது."

செல்விதான் கேட்டாள். பீரோவுக்குப் பிறகு அவள் அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சரிக்கா. காட்டறோம். காட்டியும் அவங்க எடுக்கச் சொல்லிட்டா?"

"எடுக்கச் சொல்லிட்டா நானும் உங்கூட ரோட்டுலதான் நிப்பேன். பீரோவோட."

ஒரு பையன் சிரித்துவிட்டான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. ஆனால், "நாளைக்கு எத்தினி பேரு வருவாங்க? டீ வெக்கணும்" என்று கேட்டாள்.

மறுநாள் அதிகாரியும் அவரோடு மூன்று பேரும் வந்தார்கள். அக்கா அன்றைக்கு எந்த வீட்டையும் தானாகக் காட்டவில்லை. "அவங்கவங்க வூட்ட அவங்கவங்கதான் காட்டுவாங்க சார்" என்று ஒதுங்கிக்கொண்டார். அச்சகத்துக்காரர் குளியலறையைத் திறந்து காட்டினார். செல்வி அந்த நாலு பேரையும் சமையலறைக்குள் கூட்டிப்போய், ஜன்னலில் இருந்ததை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தாள். "இது எப்போ கட்டினதுன்னு எனக்குத் தெரியாது சார். நான் கல்யாணம் ஆயி வந்தப்போ இந்தப் பக்கம் காரை உதிந்துகினு இருந்துச்சு. என் வூட்டுக்காரர்தான் துறைமுகத்துல லீவு போட்டு, சுண்ணாம்பு வாங்கியாந்து பூசினாரு. வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ள அடிக்கிறேன். ஒரு செங்கல்லகூட நாங்க எடுத்ததில்ல. நீங்களே பாத்துக்கோங்க."

அதிகாரி சட்டைக்கையை மடித்துக்கொண்டு, ஜன்னலுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் காரையைத் தட்டிப் பார்த்தார். "நல்லா பூசியிருக்கார்" என்றார். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பேராசிரியர் வேறு பக்கம் பார்த்தார்.

பாய் வீட்டு மேல் அறையில் அவர்கள் வரைபடத்தை விரித்து வைத்தார்கள். அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "மதில வரையறப்போ மேல யாரு கீறாங்கன்னும் எழுதிடுங்க சார். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது." கூட வந்திருந்த சின்ன வயசு சர்வேயர் அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். ஒவ்வொரு வீட்டின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மரவாடியையும் அக்கா விடவில்லை. கூட்டிப்போய் அந்த மண் மேட்டைக் காட்டி, "இங்க இருந்துச்சு சார். பயத்துல பூடுச்சு" என்றார். மரவாடிக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. இடிக்க யாரும் வரவில்லை. பாதுகாக்கவும் யாரும் வரவில்லை. அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று கேள்விப்பட்டோம். சிவப்புக் கோடுகள் ஒரு மழைக்காலத்தில் வெளுத்து, அடுத்த பொங்கலுக்கு வெள்ளைக்கு அடியில் போய்விட்டன. ஞாயிறு நடை மட்டும் நிற்கவில்லை.

ஆபத்து ஒருவழியாகத் தாண்டிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகும் அக்கா தண்டையார்பேட்டைக்குத் திரும்பவில்லை. அந்த மாடி வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் மேல் அறையில் ஒழுகுகிற இடங்களில் எல்லாம் பாத்திரம் வைத்திருப்பார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிற வீட்டுக்காரர் அந்தப் பாத்திரங்களைத் தாண்டித் தாண்டிக் கட்டிலுக்குப் போவார். ஏனக்கா இன்னும் இங்கே என்று ஒருமுறை கேட்டேன். "வந்தப்போ கேட்டுக்கினா வந்தேன், போறப்போ கேக்கறதுக்கு?" என்று மழுப்பினார். அவர் மழுப்பி நான் பார்த்தது அது ஒன்றுதான். செல்வி அவரிடம் பேசினாள், வேண்டிய அளவுக்கு. அதற்கு மேல் இல்லை. அக்காவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அடுத்த கோடையில் குழாயில் தண்ணீர் அடியோடு நின்றுபோனது. லாரித் தண்ணீர்தான். லாரி வந்து நிற்பது என் கடைக்கு முன்னால். விடிந்ததும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த வரிசையில் ஒரு குடத்தை நகர்த்தினால் கொலைகூட விழும் என்கிற மாதிரியான நாட்கள். ஒரு காலை அக்கா ஏதோ நகல் எடுக்க வந்து என் மெஷின் அருகில் நின்றிருந்தார். பகலெல்லாம் வீடு வீடாகச் சுற்றுகிறவர். வரிசையில் குடம் வைக்க நேரம் இல்லாமல் மூன்று நாளாகக் கேன் வாங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

வெளியே சண்டை கேட்டது. செல்வியின் குரல்.

"இன்னாமே, ஆளுக்கு ஒரு கொடம்னுதான பேச்சு? உன்து நீலம். பக்கத்துல கீற பச்ச யார்து?" என்று ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"மேல் ரூம்து."

"மேல் ரூம்கார அம்மா எங்க? ஆளு வந்தாதான் கொடம். நீ யாரு அவங்களுக்கு வெக்கறதுக்கு? சொந்தமா?"

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு நேராக வந்து நின்றாள்.

"எங்களுக்கு ஒரே செவுரு. போதுமா? கொடத்துல கை வெச்சுப் பாரு, தெரியும்."

மெஷின் தாளைத் தள்ளியது. அக்கா எடுக்கவில்லை. நான் எடுத்து நீட்டினேன். அதையும் வாங்கவில்லை. வெளியே லாரி ரிவர்ஸில் வந்து நின்று, குழாயைத் திறந்தார்கள். அக்கா ரெக்ஸின் பையைக் கழற்றி என் மேஜை மேல் வைத்தார். குடையையும் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடையின் முன்படியில் இறங்கிப் போய், அந்தப் பச்சைக் குடத்துக்குப் பின்னால் நின்றார்.